49 கோடி பேர் வந்தார்களா? சுற்றுலாக் கணக்கைப் படிக்கும் விதம்

ஊட்டியில் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு லாட்ஜில் பதினோரு வருடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். மேசைமேல் நீளமான ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். பெயர், ஊர், எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார், எத்தனை பேர், வந்த நேரம், காலி செய்த நேரம். வெளிநாட்டவர் என்றால் தனியாக 'சி படிவம்' இருந்தது. வந்த 24 மணி நேரத்துக்குள் அதை அனுப்பியாக வேண்டியிருந்தது. நம் நாட்டவருக்கு இந்த ரெஜிஸ்டர்தான் எல்லாமே.

மே மாதத்து ராத்திரி ஒன்பது மணிக்கு, மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். "எத்தனை பேர் சார்?" என்று கேட்டால், "பெரியவங்க நாலு பேர், போட்டுக்கோங்க" என்பார். பின்னால் மூன்று பிள்ளைகள் சோபாவில் தூங்கி வழிந்துகொண்டிருக்கும். ரெஜிஸ்டரில் 4 என்று ஏறும். அந்த 4 மாதக் கடைசியில் மற்ற 4-களோடும் 2-களோடும் சேர்ந்து ஒரு மொத்தமாகிவிடும்.

அதனால்தான், "இத்தனை லட்சம் சுற்றுலாப் பயணிகள் வருகை" என்று பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த சோபா நினைவுக்கு வருகிறது. அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அது எந்த மேசையில் பிறந்தது, எதை எண்ணிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அதற்கு அர்த்தம் இருக்கிறது. சென்னை போன்ற ஒரு கடற்கரைப் பெருநகரத்தின் கணக்கையும் எங்கள் மலை ஊரின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும்.

ஆளா, வருகையா?

மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆண்டுதோறும் ஒரு புள்ளிவிவரத் தொகுப்பு வெளியிடுகிறது. அதன்படி 2019-ல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுச் சுற்றுலா வருகை சுமார் 49 கோடியே 48 லட்சம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். அதாவது மாநிலத்தின் மக்கள்தொகையைப் போல ஏறக்குறைய 7 மடங்கு. முதன்முதலில் இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பிழை இல்லை. அது ஆள் கணக்கு அல்ல, வருகைக் கணக்கு. சேலத்துக்காரர் ஒருவர் தை மாதம் பழனிக்கும், மே மாதம் ஊட்டிக்கும், ஆடியில் ராமேஸ்வரத்துக்கும் போய்த் தங்கினால் அவர் மூன்று வருகை. கணக்கில் 3 ஏறும், மனிதர் ஒருவர்தான். கோயில் ஊர்கள் நிறைந்த தமிழ்நாட்டில் இந்த எண் இவ்வளவு உயரமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே ஒரு குடும்பம் வருடத்தில் நாலைந்து முறை பயணம் போவது சாதாரணம்.

வெளிநாட்டவர் கணக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2019-ல் இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி. அதே ஆண்டில் எல்லா மாநிலங்களும் தங்களுக்கு வந்ததாகச் சொன்ன வெளிநாட்டு வருகைகளைக் கூட்டினால் சுமார் 3.14 கோடி. முதல் எண் விமான நிலையம், துறைமுகம், நில எல்லை ஆகியவற்றில் குடியேற்ற அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணியது. இரண்டாவது, மாநிலங்கள் தங்குமிடங்களிலிருந்தும் சுற்றுலா இடங்களிலிருந்தும் திரட்டியது. டெல்லியில் இறங்கி, ஆக்ரா பார்த்து, ஜெய்ப்பூர் போய், பிறகு சென்னைக்கு வருபவர் நாட்டின் கணக்கில் ஒன்று. மாநிலங்களின் கணக்கில் நான்கு. இரண்டு எண்களுமே சரிதான். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பேசினால்தான் குழப்பம்.

நான் இருந்த மேசையிலும் இதுதான் நடந்தது. மூன்று நாள் எங்களிடம் தங்கிவிட்டு, அடுத்த இரண்டு நாள் குன்னூரில் வேறொரு காட்டேஜில் தங்குபவர் நீலகிரிக்குள்ளேயே இரண்டு ரெஜிஸ்டரில் இருப்பார்.

யார் சுற்றுலாப் பயணி?

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சைக்காக ஒருமுறை சென்னை போனோம். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ஒன்பது நாள் தங்கினோம். கடற்கரைப் பக்கமே போகவில்லை. அம்மா கண்ணில் கட்டோடு இருக்கும்போது எங்கே போவது? அங்கே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது: நாங்களும் சென்னையின் சுற்றுலாக் கணக்கில் ஏறுகிறோம்.

ஐக்கிய நாடுகள் அவை வகுத்த வரையறை இதைத்தான் சொல்கிறது. தன் வழக்கமான சூழலை விட்டு வெளியே, ஒரு வருடத்துக்குக் குறைவான காலத்துக்கு, போகும் இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதைத் தவிர வேறு எந்த முக்கிய நோக்கத்துக்காகப் போனாலும் அவர் 'வருகையாளர்'. ஊர் சுற்றுவது, சாமி கும்பிடுவது, கல்யாணம், வியாபாரப் பேச்சு, வைத்தியம் எல்லாமே இதில் அடங்கும். அந்த வருகையாளர் ஓர் இரவாவது தங்கினால் 'சுற்றுலாப் பயணி'. தங்காமல் அன்றே திரும்பினால் 'ஒருநாள் வருகையாளர்'.

இந்த ஒரு இரவுதான் மொத்த விஷயத்திலும் முக்கியமான கோடு. கோயம்புத்தூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி, ஊட்டி ஏரியில் படகு விட்டு, வர்க்கியும் டீத்தூளும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடும் குடும்பம் வரையறைப்படி சுற்றுலாப் பயணி இல்லை. ஆனால் மலைப்பாதையில் அவர்கள் காரும் நிற்கிறது, பூங்கா டிக்கெட்டிலும் அவர்கள் இருக்கிறார்கள். லாட்ஜ் ரெஜிஸ்டரில் மட்டும் இல்லை. எந்தக் கணக்கைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அவர்கள் தெரிவார்கள், அல்லது மறைந்துபோவார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பொங்கலுக்குச் சென்னையில் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்குபவர் வரையறைப்படி முழுச் சுற்றுலாப் பயணி. ஆனால் எந்த ரெஜிஸ்டரிலும் அவர் பெயர் கிடையாது. சென்னை மாதிரி நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவோர் ஏராளம். அதனால் தங்குமிடக் கணக்கை வைத்து எண்ணும்போது பெருநகரம் எப்போதும் குறைவாகவே எண்ணப்படும் என்பது என் எண்ணம்.

எந்தச் சென்னை?

சரி, சென்னைக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்றால், சென்னை என்பது எது? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஒரே ஒரு கணக்கெடுப்பை, 2011-ஐ எடுத்துக்கொள்வோம். அன்றைய மாநகராட்சி எல்லைக்குள், அதாவது சுமார் 174 சதுர கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள் 46.46 லட்சம். அதே 2011-ல் மாநகராட்சியின் எல்லையை 426 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அந்த எல்லையை வைத்தால் சுமார் 67 லட்சம். ஒட்டியிருக்கும் நகர்ப்புறங்களையும் சேர்த்த பெருநகரத் தொகுதி என்றால் சுமார் 86.5 லட்சம். ஊர் ஒன்று, வருடம் ஒன்று, எண் மூன்று. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காமல் போனதால் இன்றும் இந்தப் பழைய எண்களை வைத்துத்தான் பேசுகிறோம்.

பயணிகள் கணக்கிலும் இந்த எல்லைப் பிரச்சினை உண்டு. 'சென்னை டூர்' என்று கிளம்புபவர்கள் மெரினாவும் கபாலீசுவரர் கோயிலும் எழும்பூர் அருங்காட்சியகமும் பார்ப்பார்கள். அது முடிந்ததும் வண்டலூர் உயிரியல் பூங்கா, மாமல்லபுரம். கடைசி இரண்டும் செங்கல்பட்டு மாவட்டம். டிக்கெட் அங்கே கிழிபடுகிறது, கணக்கு அந்த மாவட்டத்தில் விழுகிறது. எங்களுக்கும் அப்படித்தான். 'ஊட்டி போனோம்' என்று சொல்பவர்களில் பலர் பாதி நேரத்தைக் குன்னூரிலும் மசினகுடியிலும்தான் கழித்திருப்பார்கள். பழனி மலைப்பக்கம் வேறு விதமான சிக்கல்: கொடைக்கானலும் பழனியும் ஒரே திண்டுக்கல் மாவட்டம். மாவட்ட எண்ணை மட்டும் பார்த்தால் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்ட வந்தவர் யார், தைப்பூசத்துக்குக் காவடியோடு வந்தவர் யார் என்று பிரிக்கவே முடியாது. பாதயாத்திரையாக வந்து, வழியோரக் கொட்டகையில் படுத்து எழுந்து போகிறவரை எண்ணுவது இன்னும் கஷ்டம்.

வாசல் இருக்கும் ஊர்

சென்னைக்கு வாசல் இல்லை. சென்ட்ரல், எழும்பூர், கிளாம்பாக்கம், விமான நிலையம், நாலு திசையிலும் நெடுஞ்சாலைகள். மெரினாவுக்கு டிக்கெட் கிடையாது; அதுதான் அதன் அழகும்கூட. விமான நிலையத்தில் எண்ணலாமே என்று தோன்றும். 2018-19-ல் சென்னை விமான நிலையத்தைப் பயன்படுத்திய பயணிகள் சுமார் 2.25 கோடி. ஆனால் அதில் வருபவர்களும் உண்டு, போகிறவர்களும் உண்டு. ஒரே ஆள் இறங்கும்போது ஒன்று, திரும்ப ஏறும்போது இன்னொன்று. சென்னைவாசிகளே அதில் பெரும் பங்கு. அந்த எண் விமான நிலையம் எவ்வளவு பரபரப்பானது என்று சொல்லும். நகரத்துக்கு எத்தனை விருந்தாளிகள் வந்தார்கள் என்று சொல்லாது.

மலைக்கு வாசல் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வந்தால் கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குன்னூர். அல்லது குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி. கர்நாடகத்திலிருந்து வந்தால் கக்கநல்லா. கேரளத்திலிருந்து நாடுகாணி, பாட்டவயல் போன்ற சாவடிகள். விரல் விட்டு எண்ணக்கூடிய பாதைகள்தான். இருந்தும் ரொம்ப காலம் நாங்கள் வாசலில் எண்ணவே இல்லை. பூங்காவில்தான் எண்ணினோம்.

1848-ல் தொடங்கிய ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, குன்னூரில் 1874-ல் உருவான சிம்ஸ் பூங்கா எல்லாம் தோட்டக்கலைத் துறையின் கையில். தினமும் எத்தனை டிக்கெட் விற்றது என்று அங்கே துல்லியமாகத் தெரியும். மலர்க் கண்காட்சி நாட்களில் செய்தியில் வரும் கூட்டக் கணக்கு பெரும்பாலும் இந்த டிக்கெட்டுகள்தான். தாவரவியல் பூங்காவை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஊட்டிக்கு முதல்முறை வருகிறவர்கள் அதை விடமாட்டார்கள். ஆனால் பத்தாவது முறையாக வருகிறவர் பூங்காவுக்குப் போகமாட்டார். அதேபோல, மூன்று பூங்காக்களின் டிக்கெட்டையும் படகு இல்லத்தின் டிக்கெட்டையும் கூட்டி 'இத்தனை பேர் வந்தார்கள்' என்று சொன்னால், நாலு இடமும் பார்த்த ஒரு குடும்பம் நாலு குடும்பமாகிவிடும்.

டிக்கெட் எண்ணில் இன்னொரு கண்ணி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 1908-ல் ஊட்டி வரை வந்தது, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பல் சக்கரப் பாதையில் மெதுவாக ஏறும் சில பெட்டிகள்தான். மே மாதத்தில் எத்தனை ஆயிரம் பேர் ஏற ஆசைப்பட்டாலும் இருக்கை இருக்கும் அளவுக்குத்தான் டிக்கெட். சிறப்பு ரயில் விட்டாலும் ஓரளவுதான் கூடும். எனவே மலை ரயில் பயணிகளின் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை என்றால் ஆர்வம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் குடத்தின் அளவு மாறாது. எந்த எண்ணைப் பார்த்தாலும், அது ஆசையின் அளவா, இடத்தின் அளவா என்று ஒரு நொடி யோசிப்பது நல்லது.

காரை எண்ணத் தொடங்கிய கதை

2024 ஏப்ரல் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (வருவதற்கு முன்பே இணையத்தில் வாங்கும் அனுமதி) முறையைக் கொண்டுவர உத்தரவிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சீசனில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு சுமார் 20,000 வாகனங்கள் வருவதாக அந்த வழக்கில் பேசப்பட்டது. என்ன வண்டி, எத்தனை பேர், அன்றே திரும்புகிறார்களா அல்லது தங்குகிறார்களா என்ற விவரங்களைப் பாஸ் வாங்கும்போதே திரட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

கவனியுங்கள்: முதலில் தடுப்பதற்காக அது வரவில்லை. விண்ணப்பித்தால் பாஸ் கிடைத்தது. எண்ணுவதுதான் முதல் வேலையாக இருந்தது. லாட்ஜ் மேசையில் அரைகுறையாக எழுதப்பட்ட, பூங்கா வாசலில் பலமுறை எண்ணப்பட்ட ஒரு கணக்கு மலையின் அடிவாரத்திலேயே எழுதப்பட ஆரம்பித்தது அப்போதுதான். ரெஜிஸ்டரோடு அத்தனை வருடம் இருந்தவன் என்ற முறையில் அந்த உத்தரவைப் படித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி.

எண்ணிய பிறகு வந்தது வரம்பு. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த சீசனுக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலில் 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இது பொருந்தாது.

இந்த வரம்பு ஆளில் இல்லை, வண்டியில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு காரில் இருவரும் வரலாம், ஒரு வேனில் பன்னிரண்டு பேரும் வரலாம். இரண்டுமே ஒரு வண்டி. ஆள் கணக்காகப் பார்த்தால் இது ரொம்பக் கரடுமுரடான அளவு. ஆனால் மலைப்பாதையில் முதலில் தீர்ந்துபோவது சாலையின் அகலமும் வண்டி நிறுத்தும் இடமும்தான். எது முதலில் தீருமோ அதையே அளவாக வைத்தது சரியான யோசனை என்றுதான் நினைக்கிறேன். அரசுப் பேருந்துக்கு விலக்கு கொடுத்ததிலும் அதே கணக்கு இருக்கிறது: ஐம்பது பேரை ஏற்றி வரும் பேருந்து, ஐம்பது பேரைப் பத்துப் பன்னிரண்டு காரில் கொண்டுவருவதைவிட எவ்வளவோ குறைந்த இடத்தைப் பிடிக்கும்.

அந்த 20,000 வாகனங்களை ஆளாக மாற்றிப் பார்ப்போம். வண்டிக்குச் சராசரியாக 4 பேர் என்று வைத்துக்கொண்டால் (இது என் ஊகம், கணக்கு விளங்குவதற்காக) 80,000 பேர். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகரத்தின் மக்கள்தொகை 88,430. அதாவது ஒரே நாளில் இன்னொரு ஊட்டி மலையேறி வருகிறது. மாவட்டம் முழுக்கவே 7.35 லட்சம் பேர்தான். அதே 80,000 பேர் ஒரே நாளில் சென்னைக்குப் போயிருந்தால்? 67 லட்சத்தில் 1.2 சதவீதம்கூட இல்லை. தி.நகரில் தீபாவளி நேரத்து ஞாயிற்றுக்கிழமையில் அது ஒரு தெருவுக்கே போதாது. எனவே இரண்டு ஊர்களுக்கும் வந்த மொத்த எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டு 'சென்னைக்குத்தான் அதிகம்' என்று முடித்துவிட்டால் ஒன்றுமே புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். உள்ளூரில் இருப்பவர் ஒருவருக்கு எத்தனை விருந்தாளிகள் என்பதுதான் ஒரு ஊரின் பாரத்தைச் சொல்லும் எண்.

சராசரி மறைக்கும் மே மாதம்

ஒரு மலை ஊருக்கு வருடத்தில் 30 லட்சம் பேர் வருகிறார்கள் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 365-ஆல் வகுத்தால் நாளுக்கு சுமார் 8,200 பேர். ஊர் தாங்கும்போல் தோன்றுகிறது. ஆனால் ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை மழையில் எங்கள் லாட்ஜில் இரண்டு அறை போனால் பெரிய விஷயம். மே மாதச் சனிக்கிழமையில் அறை கிடைக்காமல் காரிலேயே படுத்துத் தூங்கியவர்களுக்கு நான் அதிகாலையில் வெந்நீர் கொடுத்திருக்கிறேன். ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். எங்கள் ஊரின் வருடம் அந்த நாலைந்து மாதத்தில்தான் இருக்கிறது. அதிலும் வார இறுதிகளில்.

இதில் என்னை உறுத்தும் விஷயம் தண்ணீர். ஊட்டிக்குக் குடிநீர் கொடுக்கும் முக்கியமான அணை பார்சன்ஸ் வேலி. தென்மேற்குப் பருவமழை ஜூனில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில், அதாவது நீர்த்தேக்கங்கள் கீழே இறங்கியிருக்கும் அதே நேரத்தில்தான், கூட்டம் உச்சத்தில் இருக்கும். வருட மொத்தத்தில் இது எங்கும் தெரியாது. பெரிய நகரமும் இதற்கு விலக்கு இல்லை. தமிழ்நாட்டுக்கு 49 கோடி வருகை பதிவான அதே 2019-ல்தான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோனார்கள்.

ஊட்டியும் கொடைக்கானலும் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்று ஆராயச் சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் ஈடுபடுத்தியிருக்கிறார்கள். இதற்குத் 'தாங்கு திறன்' என்று பெயர். சாலை, பார்க்கிங், தண்ணீர், கழிப்பறை, குப்பை, காடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு. அதில் எது மிகச் சிறியதோ அதுதான் ஊரின் உண்மையான எல்லை. பார்க்கிங் பத்தாயிரம் காருக்கு இருந்து, தண்ணீர் ஐயாயிரம் காரில் வருபவர்களுக்குத்தான் என்றால், அந்த ஊர் ஐயாயிரம் கார் ஊர்.

ஒரு இரவா, மூன்று இரவா?

லாட்ஜில் நாங்கள் ஆளைவிட இரவைத்தான் எண்ணுவோம். 100 பேர் ஆளுக்கு ஓர் இரவு தங்கினால் 100 இரவு. 40 பேர் மூன்று இரவு தங்கினால் 120 இரவு. ஆள் கணக்கில் பாதிக்கும் கீழே, வருமானத்தில் மேலே. மலைப்பாதையில் ஏறி இறங்கும் காரோ ரொம்பக் குறைவு. சமையல்காரர், அறை சுத்தம் செய்யும் அக்கா, வாசலில் நிற்கும் வாடகைக் கார் டிரைவர், அப்புறம் காலையில் கேரட் கொண்டுவரும் விவசாயி, எல்லோருக்கும் அந்த இரண்டாம் மூன்றாம் இரவில்தான் வருமானம். அதனால் 'வருகை 10 சதவீதம் உயர்வு' என்ற செய்தியைப் படித்தால் நான் உடனே தேடுவது சராசரியாக எத்தனை இரவு தங்கினார்கள் என்பதைத்தான். அது பெரும்பாலும் செய்தியில் இருக்காது. சென்னையில் வைத்தியத்துக்காக வருபவர்கள் அந்த நகரத்தின் கணக்கில் கனமாக இருப்பதும் இதனால்தான். எங்களைப் போல ஒன்பது நாள், பதினைந்து நாள் என்று, கூட இரண்டு பேரோடு தங்குகிறார்கள்.

எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறார்கள்?

கடைசியாக ஒன்று. 2021-22 நிதியாண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் டிக்கெட் உள்ள நினைவுச் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் பார்த்த இடம் மாமல்லபுரம்: 1,44,984 பேர். தாஜ் மஹாலுக்கு 38,922 பேர். செய்தி வந்தபோது எல்லோருக்கும் பெருமையாக இருந்தது, எனக்கும்தான். ஆனால் அந்த ஆண்டு எப்படிப்பட்டது? கொரோனா காரணமாக நின்றிருந்த வழக்கமான சர்வதேச விமானப் போக்குவரத்து 2022 மார்ச் 27-ல்தான் மறுபடியும் தொடங்கியது. அதாவது அந்த நிதியாண்டு முடிய ஐந்து நாள் இருக்கும்போது. உலகமே நின்றிருந்த ஒரு வருடத்தின் வரிசையை மற்ற வருடங்களுக்கு நீட்டிப் பேச முடியாது. அதேபோல, 'போன வருடத்தைவிட இரண்டு மடங்கு' என்று 2021, 2022 பற்றி வந்த செய்திகளில் போன வருடம் எவ்வளவு கீழே இருந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மலையில் குறிஞ்சி பூத்த 2018 போன்ற வருடத்துக்கும் இது பொருந்தும். அது பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது, அடுத்த வருடத்தை அதோடு ஒப்பிட்டால் சரிவு போலத்தான் தெரியும்.

2020-ல் தமிழ்நாட்டின் உள்நாட்டு வருகை சுமார் 14 கோடி. 49-லிருந்து 14. வரைபடத்தில் அது ஒரு செங்குத்தான கோடு. அந்த 14 கோடியையும் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பிப் பார்த்துவிடாதீர்கள். அதில் பெரும் பகுதி ஊரடங்குக்கு முந்தைய மாதங்களில் வந்தது என்பதை எங்கள் ரெஜிஸ்டரே சொல்லும். மார்ச்சில் ஒரு பக்கத்தின் பாதியில் எழுத்து நின்றுவிடும். கீழே ஸ்கேல் வைத்து நான் போட்ட சிவப்பு மைக் கோடு. கோட்டுக்கு மேல் கடைசி வரியில் ஈரோட்டிலிருந்து வந்த இருவர், வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. 'அடுத்து போகும் இடம்' என்ற கட்டத்தில் அவர்கள் எழுதியிருந்தது: வீடு.